கல்லூரியில் கிடைக்காத ஆசிரியர்: உடலியங்கியலுக்கும் தனிப்பயிற்சி தேடும் மருத்துவ மாணவர்கள்

புது தில்லி: தலைநகரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அருகே, யூசுப் சராய் கடைவீதியை ஒட்டியுள்ள கௌதம் நகர் சந்துகளில் எதிர்ப்படுவோரில் பாதிப் பேர் மருத்துவராக இருப்பர், அல்லது மருத்துவராகும் முயற்சியில் இருப்பர். முதுநிலை நுழைவுத் தேர்வுக்கும், வெளிநாடுகளில் மருத்துவம் பயின்றோருக்கான தகுதித் தேர்வுக்கும் ஆயத்தமாவோரை நம்பியே இங்குள்ள விடுதிகளும், மாதக் கட்டணம் செலுத்தி அமர்ந்து படிக்கும் படிப்பகங்களும், பயிற்சி மையங்களும் இயங்குகின்றன.

தேர்வை வெல்லும் உத்தியைக் கற்றுத் தர இங்கு ஆள்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர் ஒருவருக்கு அருகில் அமர்ந்து, இதயம் ஏன் துடிக்கிறது, சிறுநீரகம் எவ்வாறு வடிகட்டுகிறது என்று உடலியங்கியல் பாடத்தைப் பொறுமையாக விளக்கும் ஓர் ஆசிரியரைத் தேடுவது எளிதல்ல. நாட்டின் பிற நகரங்களிலும் இதே நிலைதான்.

மருத்துவப் படிப்பில் சேர்வதற்கு முன்பே ஓரிரு ஆண்டுகளைப் பயிற்சி மையங்களில் கழித்த மாணவர், சேர்ந்த பிறகும் ஏன் தனிப்பயிற்சி ஆசிரியரைத் தேட வேண்டும்? 'டியூட்டர்' என்பது வீட்டுக்கு வந்து பாடம் சொல்பவரின் பெயர் மட்டுமல்ல; மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் துறையில் பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியருக்கு அடுத்தபடியாக விதிமுறைகளே வகுத்துள்ள பணியிடத்தின் பெயரும் அதுவே. கல்லூரிக்குள் இருந்தாக வேண்டியவரைத்தான் மாணவர் வெளியே பணம் கொடுத்துத் தேடுகிறார்.

குறுகிய காலம், விரிந்த பாடம்: எம்.பி.பி.எஸ். முதல் கட்டத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றும் முக்கியப் பாடங்கள். ஒரு காலத்தில் 18 மாதங்களில் கற்பிக்கப்பட்ட இவை, 1997-ஆம் ஆண்டு விதிமுறைகளால் 12 மாதங்களுக்குச் சுருக்கப்பட்டன. 2019-இல் திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் அறிமுகமானபோது இக்காலம் சற்று நீட்டிக்கப்பட்டது. 2023 விதிமுறைகளால் மீண்டும் 12 மாதங்களாயிற்று. கலந்தாய்வு தாமதமானால் கடைசிச் சுற்றுகளில் சேருவோருக்கு அதுவும் முழுமையாகக் கிடைப்பதில்லை. நான்கு முயற்சிகளுக்குள் முதல் கட்டத் தேர்வில் தேறாதவர் படிப்பைத் தொடர முடியாது.

உடற்கூறியலில் எலும்பையும் நரம்பையும் கண்ணால் காணலாம். உடலியங்கியலில் காண்பதற்கு அதிகம் இல்லை. காரணத்தையும் விளைவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பார்க்க வேண்டும். விபத்தில் ஒருவர் ரத்தத்தை இழக்கிறார் என்று கொள்வோம். ரத்த அழுத்தம் குறைகிறது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணர்விகள் அதை உணர்கின்றன. இதயத் துடிப்பு விரைவடைகிறது. ரத்த நாளங்கள் சுருங்குகின்றன. சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரந்து, உப்பையும் நீரையும் உடலிலேயே தேக்கி வைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கி வைக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி புரியாவிட்டாலும் அடுத்தது மனப்பாடமாகிவிடும். மனப்பாடம் செய்தவர் தேர்வில் தேறக்கூடும். அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் முன் திகைத்து நிற்பார்.

நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் பழக்கத்தில் வளர்ந்த மாணவருக்கு, தவறாகச் சிந்திக்கும் இடத்தைச் சுட்டிக்காட்ட ஓர் ஆசிரியர் தேவை. பாடத்திட்டமும் அதைத்தான் சொல்கிறது. விரிவுரைகள் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மிஞ்சக் கூடாது. எஞ்சிய நேரம் சிறு குழு விவாதங்களுக்கும் செய்முறைக்கும் உரியது என்பது 2019 விதிமுறைகளின் அடிப்படை. சிறு குழுக்களாகப் பிரிக்க வேண்டுமானால் ஆசிரியர்கள் அதிகம் வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மொழித் தடை: நீட் தேர்வைத் தமிழ் உள்பட 13 மொழிகளில் எழுத முடிகிறது. தாய்மொழியில் தேர்வெழுதி வென்ற மாணவரின் கையில், கல்லூரியில் சேர்ந்ததும் ஆங்கிலத்தில் அமைந்த தடித்த புத்தகம் தரப்படுகிறது. 1956-இல் முதல் பதிப்பு கண்ட கைட்டனின் உடலியங்கியல் நூல் இன்றும் புதிய பதிப்புகளில் பயிலப்படுகிறது. அதன் கருத்துகளைவிட அதன் மொழியே பலருக்கு முதல் தடை.

மத்தியப் பிரதேச அரசு 2022 அக்டோபரில் ஹிந்தியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டபோது முதலில் வந்த மூன்று நூல்களும் இந்த முதலாண்டுப் பாடங்களுக்கானவையே. மொழி அரசியல் சர்ச்சையுடன் அது பேசப்பட்டது. ஆனால், தாய்மொழியில் மருத்துவம் கற்பிப்பது தமிழுக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களைப் பயிற்றுவித்தார். நூல் எந்த மொழியில் இருந்தாலும், விளக்கிச் சொல்ல ஆசிரியர் இல்லையேல் பயனில்லை என்பதே தனிப்பயிற்சி தேடும் மாணவர்களின் நிலை உணர்த்தும் பாடம்.

பெருகிய இடங்கள், பெருகாத ஆசிரியர்கள்: 2014-இல் நாட்டில் 387 மருத்துவக் கல்லூரிகளும் 51,348 எம்.பி.பி.எஸ். இடங்களும் இருந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. பத்தாண்டுகளில் கல்லூரிகள் 700-ஐயும், இடங்கள் 1.10 லட்சத்தையும் கடந்துவிட்டன. அடுத்த ஐந்து ஆண்டுகளில் மேலும் 75,000 மருத்துவ இடங்கள் என்ற இலக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது.

ஆனால், இம்மாணவர்களுக்கு முதலாண்டில் பாடம் நடத்த வேண்டியவர்கள் உருவாகும் எம்.டி. உடலியங்கியல் படிப்பை விரும்பித் தேர்ந்தெடுப்போர் சிலரே. நோயாளிகளைப் பார்க்கும் வாய்ப்போ, தனியாக மருத்துவம் பார்த்து ஈட்டும் வருவாயோ இத்துறையில் இல்லை. கலந்தாய்வின் இறுதியில் மருத்துவம் சாராத துறைகளின் இடங்கள் காலியாகக் கிடப்பது வாடிக்கையாகிவிட்டது. காலியிடங்களை நிரப்ப 2023-இல் முதுநிலை நீட் தகுதி வரம்பு பூஜ்யம் சதமானமாகவே குறைக்கப்பட்டது.

இது ஒருபுறமிருக்க, இத்துறையில் நெடுங்காலமாகப் பாடம் நடத்திவந்த மற்றொரு பிரிவினரின் நிலையும் தடுமாற்றத்துக்கு உள்ளானது. எம்.பி.பி.எஸ். படிக்காமல் மருத்துவ உடலியங்கியலில் எம்.எஸ்சி., பிஎச்.டி. பட்டம் பெற்றவர்கள் ஆசிரியர் பணியிடங்களில் 30 சதவீதம் வரை நியமிக்கப்படலாம் என்றிருந்ததை, 2020-இல் தேசிய மருத்துவ ஆணையம் 15 சதவீதமாகக் குறைத்தது. 2025 ஜூலையில் வெளியான புதிய விதிமுறைகளில் இப்பட்டதாரிகளுக்கான வாய்ப்பு விரிவாக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கல்லூரி வாய்ப்பு குறுகிய இத்தகையோரே, தனிப்பயிற்சி தேடும் மாணவருக்கு மிகவும் பொருத்தமான ஆசிரியர்கள் என்பது முரண்.

ஏட்டில் உள்ள ஆசிரியரும் வகுப்பில் இருப்பதில்லை என்பது இன்னொரு குறை. 2022-23 ஆய்வுக்கு உட்பட்ட 246 கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் பெயரளவிலான ஆசிரியர்கள் கணக்குக் காட்டப்பட்டிருப்பதை ஆணையமே கண்டறிந்தது. மருத்துவக் கல்வியின் தரம் குறித்து 2024-இல் அறிக்கை அளித்த சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் ஆசிரியர் பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டியது. ஆசிரியர்களின் வருகையை முக அடையாளம் மூலம் பதிவு செய்யும் முறை 2025 மே 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டில் கல்லூரி ஆய்வுகளில் லஞ்சம் கைமாறியதாக அதிகாரிகள் உள்பட 34 பேர் மீது சிபிஐ வழக்குப் பதிவு செய்தது.

விதிகளுக்கு வெளியே: பயிற்சி மையங்களை ஒழுங்குபடுத்த மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆசிரியர் குறைந்தபட்சம் பட்டதாரியாக இருக்க வேண்டும், கட்டண விவரம் வெளிப்படையாக இருக்க வேண்டும், இடையில் விலகினால் எஞ்சிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பன அவற்றுள் சில. எனினும், 50 மாணவர்களுக்கு மேல் பயிலும் மையங்களைக் கருத்தில் கொண்டே அவை வகுக்கப்பட்டன. ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் வீட்டில் பாடம் சொல்பவரின் தகுதியையோ கட்டணத்தையோ கேட்க யாருமில்லை.

பள்ளிக் கல்வியில் வேரூன்றிய பழக்கமே கல்லூரிக்கும் தொடர்கிறது. பள்ளி மாணவர்களில் 27 சதவீதத்தினர் தனிப்பயிற்சி பெறுவதாக மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2025-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. மருத்துவ மாணவர்கள் மட்டுமல்லாது, முதல் பருவத்திலேயே உடலியங்கியல் பயிலும் செவிலியர் பட்டப் படிப்பு மாணவியரும், இயன்முறை மருத்துவம் பயில்வோரும் இதே தேடலில் இருக்கின்றனர். அவர்களின் குடும்பங்கள் பெரும்பாலும் இச்செலவைத் தாங்கும் நிலையில் இருப்பதில்லை.

முதலாண்டில் பிடிபடாத பாடம் பின்னாளிலும் விடாது. வெளிநாட்டில் படித்துத் திரும்புவோர் எழுதும் தகுதித் தேர்வின் 300 மதிப்பெண்களில் உடலியங்கியலுக்கு 17 ஒதுக்கப்பட்டுள்ளது. 2023-ஆம் ஆண்டில் அத்தேர்வை எழுதியோரில் தேறியவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. கௌதம் நகர் அறைகளில் பட்டம் பெற்ற பின்னரும் பலர் முதலாண்டுப் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருப்பதன் காரணம் இதுவே.

தேடுவோர் கவனிக்க வேண்டியவை: தனிப்பயிற்சி தவிர்க்க முடியாதது என்றாகிவிட்டால், பெற்றோரும் மாணவரும் சிலவற்றை எண்ணிப் பார்ப்பது நல்லது. எம்.டி. உடலியங்கியல் பயிலும் முதுநிலை மாணவர், மருத்துவ உடலியங்கியலில் எம்.எஸ்சி. பட்டம் பெற்றவர், ஓய்வு பெற்ற பேராசிரியர் ஆகியோரே முதல் தேர்வாக இருக்க வேண்டும். நீட் தேர்வுக்கு உயிரியல் நடத்துபவர் அப்பாடத்தில் வல்லவராக இருக்கலாம். ஆனால் பள்ளி உயிரியலும் மருத்துவ உடலியங்கியலும் ஒன்றல்ல.

ஆசிரியர் பாடத்திட்டத்தை அறிந்தவரா என்பதையும் பார்க்க வேண்டும். 2018-இல் வகுக்கப்பட்ட திறன் அடிப்படையிலான பாடத்திட்டம், உடலியங்கியலை 11 தலைப்புகளாகவும் 137 திறன்களாகவும் பிரித்தது. அதைக் கேள்விப்படாதவர், தாம் படித்த காலத்துக் குறிப்புகளையே ஒப்பிப்பார். முன்பணமாக ஆண்டுக் கட்டணம் செலுத்துவதற்கு முன், ஒரு வகுப்பு நடத்தச் சொல்லிப் பார்க்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் யார் அதிகம் பேசினார் என்பதே அளவுகோல். மாணவரைப் பேச வைத்து, அவரது பிழையைக் கண்டுபிடிப்பவரே தனிப்பயிற்சி ஆசிரியர். தொடர்ந்து பேசிக்கொண்டே இருப்பவர், கல்லூரி விரிவுரையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அதற்குக் காணொலியே போதும்.

சொந்தக் கல்லூரியின் அதே துறை ஆசிரியரிடம் பணம் கொடுத்துப் பயில்வதைத் தவிர்ப்பது நலம். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை வழங்குவது அத்துறையே. பணிக்கு இடையூறாகும் தனிப்பயிற்சியிலிருந்து ஆசிரியர்கள் விலகியிருக்க வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 நடத்தை நெறியும் கூறுகிறது. மேலும், எழுத்துத் தேர்வுக்கு 200 மதிப்பெண் என்றால் செய்முறைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் 100 மதிப்பெண் உண்டு. ரத்த அணுக்களை நுண்ணோக்கியில் எண்ணுவதை எந்த வீட்டிலும் கற்க முடியாது. அதற்குக் கல்லூரி ஆய்வகமே கதி.

நாடாளுமன்றத்தின் முன் உள்ள கேள்வி: மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆணையத்தின் தேசியப் பணிக்குழு 2024-இல் அளித்த அறிக்கையில், கருத்துத் தெரிவித்த 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதத்தினர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கூறியிருந்தனர். இதற்குப் பாடச்சுமை மட்டுமே காரணம் அல்ல. ஆயினும், ஐயத்தைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை சுமையின் ஒரு பகுதியையாவது இறக்கி வைக்கும்.

பசி உணர்வை ஆளும் மூளைப் பகுதி குறித்த ஆய்வில் தடம் பதித்த பி.கே. ஆனந்த், எய்ம்ஸில் உடலியங்கியல் துறையை உருவாக்கியவர். நுரையீரலில் 'ஜே' உணர்விகளைக் கண்டறிந்து உலகப் புகழ்பெற்ற ஏ.எஸ். பெயிண்டல் பணியாற்றியதும் இதே தில்லியில்தான். அத்தகைய மரபு கொண்ட துறைக்கு இன்று ஆசிரியர் கிடைக்காமல், தகுதி வரம்பைக் குறைத்தும், முதுநிலை உறைவிட மருத்துவராகச் சேரும் வயது வரம்பை 50 ஆக உயர்த்தியும் ஆள் சேர்க்க வேண்டியுள்ளது.

ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் தங்கள் மாநிலத்துக்கு எத்தனை புதிய கல்லூரிகள், எத்தனை கூடுதல் இடங்கள் என்று உறுப்பினர்கள் கேட்கின்றனர். அமைச்சர்கள் எண்ணிக்கையுடன் பதிலளிக்கின்றனர். அந்த இடங்களில் அமரும் மாணவர்களுக்கு உடலியங்கியலை யார் நடத்துகிறார்கள், அத்துறையில் எத்தனை 'டியூட்டர்' பணியிடங்கள் நிரப்பப்பட்டுள்ளன என்பதையும் கல்லூரிவாரியாக அவையில் கேட்டுப் பெற வேண்டும். அந்தக் கேள்வி கேட்கப்படும் வரை, அதற்கான விலையை மாணவரின் குடும்பம் மாதந்தோறும் செலுத்திக்கொண்டிருக்கும். செலுத்த இயலாத குடும்பத்தின் பிள்ளை, புரியாத பாடத்துடன் அடுத்த ஆண்டுக்குச் செல்வார். அல்லது செல்ல முடியாமலே நின்றுவிடுவார்.