தானம் கொடுத்த கார் யார் பேரில்?

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறினால், கோமுகி அணைப் பக்கம் தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும். வெள்ளிமலை வரை ஜீப்புக்கும் மினி லாரிக்கும் பழகிய பாதை. வயிறு தரையைத் தொடுகிற பழைய பென்ஸையோ ஆடியையோ அந்தப் பாதையில் ஓட்டிப் போக யாருக்கும் மனசு வராது. ஆனாலும் "மலையில வேலை செய்யிற டிரஸ்டுக்குக் கொடுத்துடலாமே" என்ற பேச்சு கீழே சமவெளி வீடுகளில் எழத்தான் செய்கிறது. நெல்லும் கரும்பும் நாலு காசு கொடுத்த காலத்தில் வாங்கிய கார் இன்றைக்கு உறை போட்டு போர்ட்டிகோவில் நிற்கும். மெக்கானிக் சொல்லும் செலவு காரின் விலையை நெருங்கும். புரோக்கர் கேட்கும் விலையோ நெஞ்சை அடைக்கும். அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதைவிட நாலு பேருக்கு உதவட்டும் என்று நினைப்பது நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு கோர்ட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். டிரஸ்டில் இருந்து இரண்டு பேர் வருவார்கள். சாவியும் ஆர்.சி. புத்தகமும் கைமாறும். பேர் மாற்றத்துக்கான 29, 30 என்ற படிவங்களில் தேதி போடாமல், வாங்குபவர் பேரையும் எழுதாமல் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். "பேர் மாத்துறது எங்க பொறுப்பு சார்" என்பார்கள். சால்வை போட்டு ஒரு போட்டோ எடுத்ததும் கார் கிளம்பிவிடும். கொடுத்தவர் மனசில் அது அன்றோடு முடிந்த கதை. சட்டத்தின் கண்ணில் கார் இன்னும் அவருடையதே.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, 'உரிமையாளர்' என்று சொல்வது யார் பேரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரைத்தான். ஓட்டியவர் யார், பெட்ரோல் போட்டவர் யார் என்று அது பார்ப்பதில்லை. ஹரியானாவில் நடந்த ஒரு வழக்கை இதற்குச் சொல்ல வேண்டும். ஒருவர் 2007இல் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கும், அவர் மற்றொருவருக்கும் விற்க, கார் பல கை மாறியது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பேரே இருந்தது. 2009இல் அந்தக் கார் பின்னோக்கி வந்து மோதியதில் ஒருவர் இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: இழப்பீடு கொடுக்க வேண்டியவர் பதிவேட்டில் பேர் உள்ளவரே. விபத்தில் அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பது நீதிபதிகள் சொன்ன நியாயம். அடிபட்டவர் பக்கம் நின்று பார்த்தால் அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பே காரை விட்டவருக்கு அது இடிதான்.

விபத்து நடந்த சமயம் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் உயிரோடு இருந்தால் கம்பெனி கட்டும். தானமாக வந்த காருக்கு யார் பிரீமியம் கட்டுவது என்று பேசாமலே விட்டிருந்தால், லட்சக்கணக்கான இழப்பீடு பழைய உரிமையாளர் தலையில் விழும். கட்டாவிட்டால் தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பி, நில வரி பாக்கியைப் போல வசூலிக்கச் சொல்லலாம். கார் போனால் போகட்டும் என்று கொடுத்தவரின் கழனிக்கே ஜப்தி வரும்.

நம் மாவட்டத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை இந்த ஊர் மறக்காது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை எங்கே, பஸ் எங்கே என்று கேட்டது. சாராயம் என்றதும் மலைமக்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது அநியாயம், அதை நான் ஏற்கமாட்டேன். நான் சொல்வது சாராயக் கடத்தல்காரர்களைப் பற்றி. அவர்களுக்கு வேறு யார் பேரிலோ ஓடும் கார் மிகவும் வசதி. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி சாராயம் ஏற்றிய வண்டியைப் பறிமுதல் செய்யலாம். தனக்குத் தெரியாமல் நடந்தது, தக்க முன்னெச்சரிக்கை எடுத்திருந்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் உரிமையாளர். தேதி போடாத படிவத்தில் கையெழுத்துப் போட்டவர், தான் எடுத்த முன்னெச்சரிக்கை என்று எதைக் காட்டுவார்?

வரிச் சலுகைக்கு வருகிறேன். இதில் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு ஏமாறுபவர்கள் உண்டு. அங்கே பழைய காரைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்து வருமான வரியில் கழித்துக்கொள்வது பழக்கம். இஷ்டத்துக்கு மதிப்புப் போட்டுக் கழித்தார்கள் என்பதால் 2005 முதல் அங்கேயும் கடிவாளம் போட்டுவிட்டார்கள்: 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமானால், பொதுவாக அந்த நிறுவனம் காரை விற்று எவ்வளவு பெற்றதோ அவ்வளவுதான் கணக்கு. நம் நாட்டில் அந்த வழியே இல்லை. 80ஜி பிரிவில் கழிவு கிடைப்பது பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டும். கார், அரிசி, துணி, எதைக் கொடுத்தாலும் கிடையாது. பணத்திலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் செல்லாது. செக்காகவோ வங்கி வழியாகவோ போக வேண்டும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கழிவே இல்லை. "பத்து லட்சத்துக்கு ரசீது தர்றோம், வரியில கழிச்சுக்கலாம்" என்று எந்த டிரஸ்டாவது காரைக் கேட்டால், அந்த ஒரு பேச்சே அவர்களை எடைபோடப் போதும்.

கொடுக்கிற பொருள் வாங்குபவருக்கு உதவுமா என்பதையும் பார்க்க வேண்டும். பதிவாகி 15 வருடம் கடந்த சொந்தக் காருக்கு எஃப்.சி. பார்த்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து அதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். வெளிநாட்டில் இருந்து இறக்குமதியான கார் என்றால் 40,000. இருபது வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் இந்தத் தொகைகளை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஒரு ஹெட்லைட் உடைந்தால் சின்ன டிரஸ்டின் ஒரு மாதச் செலவு போய்விடும். காரை ஆம்புலன்ஸ் ஆக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு அரசு வகுத்த தனித் தரம் இருக்கிறது. செடான் காரின் பின் சீட்டைக் கழற்றிப் படுக்கை போடுவது சட்டப்படி செல்லாது. வெள்ளை போர்டு வண்டியில் நோயாளியிடம் "டீசலுக்கு மட்டும்" என்று காசு வாங்கினாலும் பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டிய குற்றத்தில் மாட்ட வாய்ப்பிருக்கிறது. முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம்.

புதுச்சேரி பதிவெண் உள்ள கார்கள் நம் பக்கம் நிறைய. வரி குறைவு என்று அங்கே பதிந்தவை. அப்படிப்பட்ட காரை இங்குள்ள டிரஸ்ட் தன் பேருக்கு மாற்ற, அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அந்தச் செலவை நினைத்துத்தான் பலர் பேர் மாற்றாமலே ஓட்டுகிறார்கள்.

இவ்வளவும் யோசித்தபின் என் முடிவு: காரைக் கொடுக்காதீர்கள், விற்றுப் பணத்தைக் கொடுங்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் ஒப்படைத்து, அதை ஆர்.டி.ஓ. பதிவில் ஏற்றிவிட்டால், 2023 ஏப்ரலில் இருந்து அமலில் உள்ள விதிப்படி பொறுப்பு டீலருக்குப் போய்விடும். ஓடவே ஓடாத கார் என்றால் அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்துக்கு விட்டு, உடைத்ததற்கான சான்றிதழும் பதிவு ரத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற தொகையை, 80ஜி அங்கீகாரம் இருக்கிறதா என்று வருமான வரித் துறை இணையதளத்தில் பார்த்தபின், செக்காகக் கொடுங்கள். மலையில் கரியாலூர்ப் பக்கம் ஓடும் ஒரு ஜீப்புக்கு நாலு டயர் வாங்க அந்தப் பணம் உதவும். வருட முடிவில் டிரஸ்ட் உங்களுக்கு 10பிஇ என்ற சான்றிதழ் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டு பேர் மாறாமல் தவிப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது உண்டு. எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டி, பதிவும் இன்ஷூரன்ஸும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். மாநிலத்துக்குள் கைமாறினால் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் கடமை கொடுத்தவருக்கு உண்டு. காலம் கடந்திருந்தாலும் 29ஆம் படிவத்தை, ஒப்படைத்த தேதியோடு, இப்போதாவது தாக்கல் செய்து ஒப்புகை வாங்குங்கள். டிரஸ்டுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். கார் இருக்கும் இடமே தெரியவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். ஃபாஸ்டேக்கை மூடுங்கள், இல்லாவிட்டால் மாடூர் சுங்கச்சாவடியில் யாரோ கடக்கும்போது உங்கள் கணக்கில் பணம் குறையும். இவை உங்களை முழுதாக விடுவிக்காது. ஆனால் நாளைக்கு வழக்கு வந்தால், ஒளிக்காமல் முயன்றீர்கள் என்பதற்கு இந்தக் காகிதங்களே சாட்சி. கட்ட நேர்ந்த இழப்பீட்டை வாங்கியவரிடம் திருப்பிக் கேட்கவும் இவை வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணைக் கூப்பிடலாம். பெண்களுக்கும், கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் உள்ளிட்ட பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். மலை டிரஸ்டில் டிரைவராக வேலைக்குச் சேர்ந்து, இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியால் வழக்கில் சிக்கிய பையனுக்கும் இந்த எண் பொருந்தும்.

இல்லை, என் காரையேதான் கொடுப்பேன் என்றால், டிரஸ்டின் பதிவுச் சான்று, பான் எண், காரை ஏற்பதாக அவர்கள் போட்ட தீர்மானம் மூன்றையும் கையில் வாங்குங்கள். படிவங்களில் டிரஸ்டின் பேரையும் தேதியையும் உங்கள் கையால் எழுதுங்கள். புது ஆர்.சி.யில் அவர்கள் பேர் அச்சாகி வரும்வரை கார் உங்கள் போர்ட்டிகோவிலேயே நிற்கட்டும்.