பரிசு அறிவிப்பும் சிறு வணிகரின் வரவு செலவும்

இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் பரிசுப் போட்டி அறிவித்தால் வணிகம் பெருகுமா என்பது சிறு வணிகர்கள் அண்மைக் காலமாக எங்களிடம் கேட்டு வரும் வினா. இது வங்கி விடையளிக்க வேண்டிய வினாவா என்று சிலர் எண்ணலாம். பரிசுக்கான தொகை நடப்புக் கணக்கிலிருந்தோ முத்ரா கடனிலிருந்தோ எடுக்கப்படும்போது, அது எங்களுக்கும் உரிய வினாவாகிவிடுகிறது. ‘சிசு’ பிரிவில் வழங்கப்படும் முத்ரா கடனின் உச்சவரம்பே 50,000 ரூபாய்தான். அதில் 4,000 ரூபாய் பரிசுக்குச் சென்றால், சரக்கு வாங்க வேண்டிய முதலில் நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைந்துவிடும்.

சாத்தத்தையே எடுத்துக்கொள்வோம். 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மரம் அறுக்கும் ஆலையைக் காண வரும் சுற்றுலாப் பயணிகள் ஒருபுறம். பம்பூ பிளாட் செல்லும் படகுக்காகத் துறையில் காத்திருக்கும் உள்ளூர் மக்கள் மறுபுறம். இப்பகுதியின் சிறு வணிகம் இவ்விரு சாராரையும் நம்பியே நடைபெறுகிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் தீவுகளையும் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பை நம்பி, ஒரு படத்தைப் பதிவேற்றவே பொறுமை தேவைப்பட்ட இடத்தில், இன்று படாக் மரப் பொருள் விற்பவரும் ரீல்ஸ் வெளியிடுகிறார். வசதி வந்தவுடன் பரிசுப் போட்டியும் வந்துவிட்டது. “எங்கள் பக்கத்தைப் பின்தொடருங்கள், மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள், பரிசை வெல்லுங்கள்” என்னும் அறிவிப்பை இப்போது எங்கும் காணலாம்.

இதன் வரவு செலவை ஒரு கற்பனைக் கணக்கால் பார்ப்போம். படாக் மரத்தாலான அலங்காரப் பெட்டி ஒன்றைப் பரிசாக அறிவிக்கிறோம் எனக் கொள்க. பெட்டியின் அடக்க விலை 2,500 ரூபாய்; பொதிவுக்கும் அஞ்சலுக்கும் 400; பதிவைப் பலருக்கும் கொண்டு சேர்க்கும் கட்டண விளம்பரத்துக்கு 1,100. ஆக 4,000 ரூபாய். ஒரே வாரத்தில் பின்தொடர்வோர் எண்ணிக்கை 600 கூடுகிறது, மனம் மகிழ்கிறது. ஒரு விற்பனையில் 300 ரூபாய் இலாபம் கிடைக்குமானால், செலவு மீள்வதற்கு மட்டும் குறைந்தது 14 பேர் புதிதாக வாங்க வேண்டும். புதிய 600 பேரில் பெரும்பாலோர் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருப்பவர்கள்; அந்தமானுக்கு வரும் எண்ணமே இல்லாதவர்கள். முடிவு அறிவிக்கப்பட்ட மறுநாளே சிலர் விலகிவிடுவர். எஞ்சியவர்களோ நம் பதிவுகளைக் காணாமலே கடந்து செல்வர். பார்ப்பவர்களின் ஆர்வத்தைப் பொறுத்தே தளங்கள் ஒரு பதிவை மேலும் பலருக்குக் காட்டுகின்றன. ஆதலால் ஆர்வமற்ற கூட்டம் பெருகுவது, பத்தாயிரம் பேர் பின்தொடரும் பக்கத்துக்கு உறுத்தாமற்போகலாம். முந்நூறு பேர் மட்டுமே பின்தொடரும் சிறு பக்கத்துக்கு அது பெரும் பாரம்.

பரிசை நாடி வருவோரும் பொருளை நாடி வருவோரும் வெவ்வேறு மக்கள் என்பதைப் பெரிய நிறுவனங்களும் பட்டுத்தான் அறிந்தன. 1992-இல் பிரிட்டனில் ஹூவர் நிறுவனம், 100 பவுண்டுக்குப் பொருள் வாங்குவோருக்கு இரண்டு விமானப் பயணச்சீட்டுகள் இலவசம் என்று அறிவித்தது. தூசு உறிஞ்சும் கருவி தேவைப்படாதவர்களும் சீட்டுக்காக அதை வாங்கினர். ஏறத்தாழ 5 கோடி பவுண்டு செலவாயிற்று. 1995-இல் அதன் ஐரோப்பிய வணிகம் இத்தாலியின் கேண்டி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கைப்பேசியையோ காதொலிக் கருவியையோ பரிசாக அறிவிக்கும் நம் ஊர்க் கடைக்காரர், அளவில் சிறிதாயினும் அதே வழியில்தான் செல்கிறார். கைப்பேசியை விரும்பாதார் யார்? அதை விரும்புகிறார் என்பதனால் ஒருவர் நம் மரப்பெட்டியையும் விரும்புவார் என்று கொள்ள இடமில்லை.

எனில் எவருக்குமே பயனில்லையா என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வரும் தொழிலுக்குக் கணக்கு மாறுகிறது. படகுத்துறையை ஒட்டிய சிற்றுண்டிக் கடை ஒன்றைக் கருதுவோம். ஒருவர் ஒருமுறை உண்டால் 40 ரூபாய் இலாபம். அவர் மாதம் இருமுறை வருவாராயின் ஓராண்டில் 960 ரூபாய். அதே 4,000 ரூபாய்ச் செலவை இக்கடை ஐந்து புதிய வாடிக்கையாளர்களைக் கொண்டே மீட்டுவிடும். ரொட்டிக் கடை, அழகு நிலையம், தையற்கடை, பயிற்சி வகுப்பு ஆகியன இவ்வகையின. நினைவுப் பொருள் கடைக்கு வருபவரோ வாழ்நாளில் ஒருமுறை வருபவர். அவரைப் பிடிக்கப் பரிசுப் போட்டி ஏற்ற வலை அன்று. பயணத்துக்கு முன் தேடும்போது கடையின் இடம், நேரம், விலை, வாங்கியோரின் கருத்து ஆகியவை வரைபடத்தில் தெளிவாகக் கிடைப்பதே அவருக்கு உதவும். அதற்குச் செலவும் இல்லை.

பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்போருக்கு நாங்கள் பரிந்துரைப்பது, ஒரு பெரிய பரிசுக்கு மாற்றாகப் பல சிறு தள்ளுபடிச் சீட்டுகள். 500 ரூபாய்க்கு மேல் வாங்குவோருக்கு 100 ரூபாய் குறைக்கும் சீட்டுகள் நாற்பதை, ஒரு மாதக் கெடுவுடன் வழங்கலாம். பெரிய பரிசின் செலவு, ஒருவரும் கடைக்கு வராவிட்டாலும் முழுமையாக நம்முடையது. சீட்டின் செலவோ ஒருவர் வந்து வாங்கும்போதுதான் உண்டாகிறது. பதினைந்து பேர் வந்தால் 1,500 ரூபாயோடு நின்றுவிடும். 500 ரூபாய்ப் பொருளின் அடக்கம் 300 எனில் தள்ளுபடி போகவும் 100 ரூபாய் கையில் நிற்கும். எவ்வளவு சீட்டு திரும்பியது என்பதும் கல்லாப் பெட்டியிலேயே தெரிந்துவிடும். விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சீட்டு இல்லாமலும் வந்திருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளரைப் புதியவரோடு சேர்த்து எண்ணாதிருத்தல் நன்று.

சட்டம் பற்றியும் சில சொற்கள். பொருள் வாங்கினால்தான் குலுக்கலில் இடம் என்னும் நிபந்தனை, திட்டத்தை லாட்டரியின் அருகே கொண்டு செல்லும். அதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. அறிவித்த பரிசைக் கொடுக்கும் எண்ணமின்றி அறிவித்தலும், முடிவைப் பங்கேற்றோருக்குத் தெரிவிக்காமல் மறைத்தலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைகளாகக் கூறப்பட்டுள்ளன. குலுக்கல் பரிசின் மதிப்பு 10,000 ரூபாயைக் கடந்தால் 30 விழுக்காடு வருமான வரியைப் பிடித்தம் செய்யும் பொறுப்பு வழங்குபவருடையது. சிறு வணிகர் அத்தொகைக்குக் கீழே நிற்பதே எளிது. சரக்கு சேவை வரிப் பதிவு பெற்றோர், இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கோர இயலாது. நண்பர்களை டேக் செய்வதையோ சொந்தப் பக்கத்தில் பகிர்வதையோ போட்டியின் நிபந்தனையாக வைப்பது பேஸ்புக்கின் விதிகளுக்கே முரணானது என்பது பலர் அறியாத செய்தி.

தீவுவாசிகளுக்குத் தனியே ஒன்று. பவளமும் சிலவகைச் சிப்பிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் இடம்பெற்றவை. கடற்கரையில் கிடைத்ததுதானே என்று பவளத் துண்டைப் பரிசுப் பொருளாகப் படமெடுத்துப் பதிவிடுவது, குற்றத்துக்கான சான்றை நாமே வெளியிடுவதாகும்.

இவை அனைத்தினும் எங்களை அதிகம் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. பரிசு அறிவிப்பு வெளியானவுடன், அதே படத்தையும் ஓர் எழுத்து மட்டும் மாறிய அதே பெயரையும் கொண்ட போலிக் கணக்கு தோன்றுகிறது. கருத்திட்டவர்களுக்கெல்லாம் “நீங்கள் வென்றுவிட்டீர்கள், அஞ்சல் கட்டணம் 199 ரூபாய் செலுத்துக” என்று தனிச்செய்தி செல்கிறது, சிலரிடம் பணம் பெறுவதற்கென்று கூறி யுபிஐ ரகசிய எண்ணும் கேட்கப்படுகிறது. பணத்தைப் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. ஏமாந்தவர் போலிக் கணக்கை அறியார். கடையின் பெயரையே அறிவார். பக்கத்து வீட்டுக்காரரே வாடிக்கையாளராக இருக்கும் சிறிய ஊரில் அப்பெயரை மீட்க ஒரு பருவகாலம் போதாது. ஆகவே அறிவிப்பின் முதல் வரியிலேயே, வென்றவர் பெயர் இப்பக்கத்தில் மட்டும் இன்ன நாளில் வெளியாகும், எவரிடமும் எக்கட்டணமும் கேட்கப்படாது, பரிசைக் கடையில் நேரில் பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதிவிடுக. போலிக் கணக்கு தென்பட்டால் அதன் திரைப்படிவத்தைச் சேமித்து, தளத்தில் புகாரளித்து, தம் பக்கத்திலும் எச்சரிக்கை வெளியிடுக. பணம் இழந்த வாடிக்கையாளர் எவரேனும் கடைக்கு வந்தால், அவரை 1930 என்னும் எண்ணை உடனே அழைக்கச் சொல்லி, அவருடைய வங்கிக் கிளைக்கும் அன்றே அனுப்பிவையுங்கள்.