‘யாரு சுமந்தா?’ என்று கேட்ட ஆசிரியர்

போடிநாயக்கனூரில் எங்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த சார் காலமாகிவிட்டார். உயர்நிலைப் பள்ளியில் அரசர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைத்தவர்தான். தேர்வு இருக்கிறதே, வேறு வழி? ஆனால், பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கேள்வி கேட்பார்: “சரிப்பா, இதையெல்லாம் யாரு சுமந்தா?” பெரிய கோயிலுக்கு வந்த கல், படையோடு போன அரிசி மூட்டை, அரண்மனைக்கு வந்த தண்ணீர் எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். புத்தகத்தில் விடை இருக்காது.

விடை தேட எங்களைக் குரங்கணிக்கு அழைத்துப் போனார். போடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். அதற்கு மேல் நடைதான். வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலைக் கிராமம், அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். நாங்கள் ஊர்ச்சுற்றல் என்று நினைத்துக்கொண்டு போனது, அவருக்கு அந்த வருடத்தின் முக்கியமான பாடம்.

மூணாறு தேயிலை உலகச் சந்தைக்குப் போன வழி இது. 1902-ல் மூணாறு பக்கத்திலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடு பூட்டி வண்டி இழுத்தார்கள். 1908-ல் அது இரண்டடி அகலச் சிறு ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் ரோப்பில் தொங்கியபடி ஐந்து கிலோமீட்டர் சரிவைத் தாண்டி அடிவாரத்துக் கொட்டகுடிக்கு வந்தன. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. அதையும் தாண்டிப் போய் ரயில், பிறகு கப்பல், இங்கிலாந்து. 1924 பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. மறுபடி அதை யாரும் போடவில்லை.

தேயிலைக் கம்பெனியின் பெயரும் ரயிலின் அளவும் ஏட்டில் இருக்கின்றன. பெட்டியை ரோப்பில் மாட்டியவர், இறக்கியவர், வண்டி ஓட்டியவர் பெயர்கள் இல்லை. “இந்தச் சரிவுல உங்க தாத்தாவும் இருந்திருக்கலாம். வீட்டுல போய்க் கேளுங்க” என்றார் சார். தலைவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவரும் வரலாற்றுச் சான்றுதான் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு எந்தப் பாடமும் எங்கள் ஊரைத் தொடாமல் போகவில்லை. 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போயின. வரைபடத்தில் மாநிலத்தின் பெயர் மாறியது. விடியலில் போடிமெட்டு வளைவுகளில் ஜீப் ஏறி, ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களின் பாதை மாறவில்லை. 1928-ல் போடிக்கு வந்த ரயில் 2010 கடைசியோடு நின்றது. அகலப்பாதையாகித் திரும்பி வர 2023 ஜூன் ஆனது. அந்த இடைவெளியில் மூட்டைகளை எந்த லாரி, யார் முதுகு ஏற்றியது என்பதும் அவர் கணக்கில் வரலாறுதான்.

2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத் தீ மலையேற்றம் வந்தவர்களைச் சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர்கள் நாடு முழுக்கச் செய்தியாயின. அவற்றுக்கு முன்பே இருட்டில் மேலே ஏறி, காயம்பட்டவர்களைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்தவர்கள் மலையடிவாரத்து ஜனங்கள். சாரிடம் படித்த எவருக்கும் அந்தச் செய்தியைப் படித்ததும் அவருடைய பழைய கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்திருக்கும்.

பள்ளி ஆசிரியர்கள் வரலாற்றை எழுதியதும் கண்டெடுத்ததும் தமிழகத்துக்குப் புதிதல்ல. ‘பிற்காலச் சோழர் வரலாறு’ எழுதிய தி.வை. சதாசிவ பண்டாரத்தார் கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர். ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுப் படித்தவர். கீழடியில் முறையான அகழாய்வு தொடங்கியது 2014-15 பருவத்தில். அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த பாலசுப்ரமணியம், 1970-களிலேயே கிணறு வெட்டிய மண்ணில் கிடைத்த பழம்பொருட்களைத் தொல்லியல் துறையின் கவனத்துக்குக் கொண்டுபோனார். இருவருக்கும் சான்று கல்லிலும் மண்ணிலும் இருந்தது. எங்கள் சாருக்கு மனிதர்களின் ஞாபகத்தில் இருந்தது. கல் காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் எங்களை அவ்வளவு அவசரப்படுத்தினார்.

தேயிலைப் பெட்டி இறக்கிய தலைமுறை இன்று இல்லை. சின்ன வயதில் ஏலத்தோட்டத்துக்குப் போன பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். எந்த எஸ்டேட், என்ன கூலி, எந்தப் பாதை, மழைக்காலத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுத, அவர்களின் பேத்திகளே போதும். வகுப்புக்கு ஒரு நோட்டு போதும். சாருக்குப் படத்திறப்பு வைக்கலாம் என்று பழைய மாணவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். படத்துக்கு ஆகும் செலவில் நோட்டு வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.