இந்தக் கையெழுத்து செல்லுமா?

கொல்கத்தாவில் எங்கள் மாலை வகுப்புக்கு ஓர் அம்மா ஒரு தாளைக் கொண்டு வந்தார். அவருடைய மகளின் மாற்றுச் சான்றிதழ் அது.

"இது செல்லாதாம் தம்பி. நிஜமான ஹெட்மாஸ்டர் போட்ட கையெழுத்து இல்லையாம். 200 ரூபாய் கொடுத்தால் வேறு வாங்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார்" என்றார்.

கையெழுத்தின் கீழே இருந்த முத்திரையை எழுத்துக் கூட்டிப் படித்தோம். ஆங்கிலத்தில் 'ஆஃபிஷியேட்டிங் ஹெட்மாஸ்டர்' என்று இருந்தது. அந்த முதல் சொல்லைக் காட்டித்தான் தரகர் பயமுறுத்தியிருக்கிறார்.

ஆபீஸ் என்றால் நமக்குத் தெரியும். கட்டடத்தைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குப் பதவி என்றும் பொருள் உண்டு. லத்தீன் மொழியில் அதன் மூலச் சொல்லுக்குக் கடமை என்று பொருள். ஆஃபிஷியேட் என்றால், ஒரு பதவிக்கு உரிய கடமையைச் செய்வது. கால்பந்து ஆட்டத்தில் விசில் ஊதும் நடுவர் செய்வதும் அதுதான். கல்யாணத்தை நடத்தி வைக்கும் பாதிரியார் செய்வதும் அதுதான். மருமகள் ஊருக்குப் போனபோது மாமியார் சமைத்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்!

அரசு வேலையில் இந்தச் சொல் வேறு ஒன்றையும் காட்டும். பதவியில் இருப்பவர் விடுப்பில் போகிறார். அல்லது ஓய்வு பெறுகிறார். புதியவர் இன்னும் வரவில்லை. வேலை நிற்கலாமா? அதுவரை இன்னொருவரை அமர்த்துகிறார்கள். தமிழ்நாட்டில் தலைமையாசிரியர் என்று எழுதி, பக்கத்தில் 'பொறுப்பு' என்று போடுவார்களே, அதேதான்.

இது சின்ன விஷயம் அல்ல. கொல்கத்தா உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கியது. தலைமை நீதிபதிகள் எல்லாரும் வெள்ளையர்கள். 1882-இல் அங்கே தலைமை நீதிபதியாக இருந்தவர் சர் ரிச்சர்டு கார்த். அவர் விடுப்பில் போனபோது ரமேஷ் சந்திர மித்ரா அந்த நாற்காலியில் அமர்ந்தார். அதில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். பொறுப்பாகத்தான் அமர்ந்தார். சென்னையில் 1893-இல் சர் தி. முத்துசாமி ஐயர் மூன்று மாதம் அப்படி இருந்தார். சின்ன வயதில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதியவர் அவர்.

கொல்கத்தாவில் ஓர் இந்தியர் நிரந்தரத் தலைமை நீதிபதியாக 1952 வரை ஆயிற்று. அவர் பணி பூஷண் சக்கரவர்த்தி. 1956-இல் மேற்கு வங்க ஆளுநர் இறந்துவிட்டார். புதியவர் வரும் வரை ஆளுநர் வேலையைப் பார்த்தவரும் இவர்தான். ஒரு பதவி நிரந்தரம், இன்னொன்று பொறுப்பு!

பொறுப்பில் இருக்கும் தலைமையாசிரியர் போடும் கையெழுத்து, அந்தப் பதவியின் கையெழுத்து. அவர் மாறிப் போன பிறகும் அது செல்லும். தேதியும் பள்ளி முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். அந்த அம்மாவின் தாளில் இரண்டும் இருந்தன.

மறுநாள் அதே தாளைப் புதிய பள்ளியில் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். 200 ரூபாயில் மகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினாராம்.