‘உடம்பு சூடு’ இல்லீங்க... இது வேற!

வானகரத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் எந்தத் தெருவிலும் இந்த அம்மாவை நீங்கள் பார்க்கலாம். வயசு நாற்பத்தெட்டு இருக்கும். லோன் போட்டுக் கட்டிய வீடு. பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறான், பெண்ணுக்கு வரன் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். பீரியட்ஸ் நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. ‘அப்பாடா, ஒரு தொல்லை விட்டுது’ என்று நிம்மதியாக இருந்தவருக்கு இப்போது புதுசாக ஒரு தொல்லை. பிறப்புறுப்பில் எரிச்சல், அரிப்பு, காய்ந்து போன மாதிரி ஓர் உணர்வு. சிறுநீர் போனால் கடுப்பு. கணவர் நெருங்கினால் மனசு சரி என்கிறது, உடம்பு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. அப்படி ஒரு வலி!

அவர் என்ன செய்கிறார்? ‘உடம்பு சூடு’ என்று தானே முடிவு கட்டி விடுகிறார். இளநீர் குடிக்கிறார். வெந்தயம் ஊற வைத்துச் சாப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய்க் குளியல். ராத்திரியானால் ‘தலையை வலிக்குது’ என்று பெண் படுத்திருக்கும் அறைக்குப் போய் விடுகிறார்.

இளநீர் குடிக்கட்டும், நல்லதுதான். ஆனால், இந்த எரிச்சலுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இது ஈரம் வற்றிப் போன பிரச்னை. டாக்டரிடம் சொன்னால் பெரும்பாலும் சுலபமாகச் சரி செய்யக் கூடியது. சொல்லாமல் இருப்பதுதான் சிக்கல்!

ஏன் வறண்டு போகிறது?

கடைசி மாதவிடாய்க்குப் பிறகு முழுசாகப் பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால் அது மெனோபாஸ். இந்திய மெனோபாஸ் சங்கம் நாடு முழுக்க நடத்தி, 2016-ல் வெளியான ஆய்வில், நம் பெண்களுக்கு இது வரும் சராசரி வயது 46.2 என்று தெரிந்தது. மேல்நாடுகளில் 51 வாக்கில்தான். அதாவது நம்மவர்களுக்கு நாலைந்து வருஷம் முன்னாடியே வந்து விடுகிறது. அதற்கப்புறம் இருபத்தைந்து, முப்பது வருஷ வாழ்க்கை பாக்கி இருக்கிறதே!

சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான் பிறப்புறுப்பின் உட்சுவரைத் தடிமனாகவும், ஈரமாகவும், இழுத்தால் விரிகிற மாதிரியும் வைத்திருக்கிறது. அந்தச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சத்து சேர்ந்திருக்கும். அதைத் தின்று வாழ்பவை லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல கிருமிகள். நம் வீட்டுத் தயிரில் இருக்கும் கிருமிகளுக்கு இவை சொந்தக்காரர்கள்! தயிர் புளிக்கிற மாதிரியே இங்கேயும் லாக்டிக் அமிலம் உண்டாகும். அந்தப் புளிப்பு இருக்கும்வரை கெட்ட கிருமிகள் உள்ளே வாலாட்ட முடியாது.

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் சுவர் மெலிகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, சுரப்பு வற்றுகிறது, புளிப்பும் போய் விடுகிறது. சிறுநீர்ப் பாதையும் பக்கத்திலேயே இருப்பதால் அதையும் இது விடுவதில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு, அவசரம், இருமினால் தும்மினால் ஒரு சொட்டு... எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. அதனால்தான் 2014-ல் மருத்துவ உலகம் இரண்டையும் சேர்த்து ஒரே பிரச்னையாகப் பெயர் வைத்தது.

ஒன்றைக் கவனியுங்கள். மெனோபாஸ் சமயத்தில் குப்பென்று வியர்த்துக் கொட்டுகிறதே, அது சில வருஷங்களில் பெரும்பாலும் தானாகவே அடங்கிப் போகும். வறட்சி அப்படி இல்லை. கவனிக்காமல் விட்டால் வருஷம் ஆக ஆக அதிகமாகத்தான் ஆகும். ‘போகப் போகச் சரியாயிடும்’ என்பது இங்கே செல்லாது.

வயசாகாமலே வருவதும் உண்டு. கர்ப்பப்பையோடு சேர்த்து இரண்டு சினைப்பைகளையும் எடுத்து விட்டால், மறுநாளிலிருந்தே மெனோபாஸ்தான், வயசு முப்பத்தெட்டு ஆனாலும்! ஆபரேஷன் ஆனவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து, சினைப்பை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். பலருக்கும் தங்கள் வயிற்றில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதே தெரிவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்காக லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வறட்சி கடுமையாக இருக்கலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் கூடவே சேர்ந்து கொள்ளும்.

அவருக்கு எப்படித் தெரியும்?

ஒருமுறை வலித்தால் அடுத்தமுறை வலிக்குமோ என்ற பயம் வருகிறது. பயத்தில் இடுப்புத் தசைகள் தானாக இறுகிக் கொள்கின்றன. இறுகினால் வலி இன்னும் கூடுகிறது. கடைசியில் கணவர் தோளில் கை வைத்தாலே விலகிப் படுக்கத் தோன்றும். அவர் என்ன நினைப்பார்? ‘என்னைப் பிடிக்கலை போல’ என்று அவர் ஒரு பக்கம் குமைவார். இருபத்தைந்து வருஷம் ஒன்றாகக் குடும்பம் நடத்தியவர்கள், இந்த ஒரு விஷயத்தைப் பேசாததால் ஒரே வீட்டில் விருந்தாளிகள் மாதிரி ஆகி விடுகிறார்கள்.

சொல்லி விடுங்கள். படுக்கையில் வைத்து வேண்டாம், மாடியில் துணி எடுக்கும்போதோ, சாயந்திரம் காபி குடிக்கும்போதோ சொல்லலாம். ‘என்னங்க, உங்க மேல எனக்கு வெறுப்பெல்லாம் கிடையாது. பீரியட்ஸ் நின்னதிலேர்ந்து உள்ளே காஞ்சு போய் வலிக்குது. டாக்டரைப் பார்க்கணும், கூட வாங்க.’ இவ்வளவு போதும்!

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வயசில் மனைவியின் உடம்பு தயாராக முன்னைவிட நேரம் ஆகும். அவசரம் வேண்டாம். உறவு என்றால் ‘அது’ மட்டும்தான் என்றில்லை. தொடுவதும் அணைப்பதும்கூட தாம்பத்யம்தான். அவர் வேண்டாம் என்று சொல்லும் நாளில் வேண்டாம்தான். இன்னொன்று, நீங்கள் மட்டும் வீரியத்துக்கு மாத்திரை போட்டுக் கொண்டு, மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்காமலே இருந்தால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில், செய்வதை நிறுத்துங்கள்! எரிகிறதே என்று சோப்பு, டெட்டால், வாசனை திரவங்கள் போட்டுக் கழுவுவது இருக்கிற ஈரத்தையும் துடைத்தெடுத்து விடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்; உட்புறத்தைக் கழுவவே வேண்டாம். பவுடர் வேண்டாம். பருத்தி உள்ளாடை நல்லது.

மருந்துக் கடையில் இரண்டு விதமான ஜெல் கிடைக்கிறது. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள். ஒன்று மாய்ஸ்சரைசர். முகத்துக்கு கோல்டு கிரீம் போடுவது போல வாரம் இரண்டு, மூன்று முறை உள்ளே வைப்பது. உறவு உண்டோ இல்லையோ, உபயோகிக்கலாம். எரிச்சல் மட்டுமே தொல்லை என்றால்கூட இது உதவும். இன்னொன்று லூப்ரிகன்ட், அதாவது வழவழப்பு ஜெல். உறவுக்குச் சற்று முன்னால் இருவருமே தடவிக் கொள்வது. வாசனை, ‘சூடேற்றும்’ ரகம் எல்லாம் வேண்டாம். தண்ணீர் அல்லது சிலிக்கோன் சேர்ந்தது போதும். எரிந்தால் வேறு ரகம் மாற்றிப் பாருங்கள். தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்கக் கூச்சமா? மதுரவாயலிலோ போரூரிலோ இறங்கி வாங்கிக் கொள்ளுங்கள்!

‘தேங்காய் எண்ணெய் தடவலாமா?’ பலரும் கேட்க நினைக்கும் கேள்வி. தொற்று எதுவும் இல்லாவிட்டால் வெளிப்புறம் தடவுவதில் பெரிய தப்பில்லை. ஆனால், எண்ணெய் பட்டால் காண்டம் கிழிந்து போகும். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து கொண்டிருக்கும் சமயத்தில் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜெல் போதாவிட்டால்?

அப்போதுதான் ஈஸ்ட்ரோஜன் கிரீம். டாக்டர் சீட்டு இல்லாமல் வேண்டாம். வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை ராத்திரி படுக்கும்போது உள்ளே வைக்கச் சொல்வார்கள். ஜெல் அந்த நேரத்து வலியைத் தணிக்கும். இது மெலிந்து போன சுவரையே திரும்பத் தேற்றும். அடிக்கடி நீர்க்கடுப்பு வருபவர்களுக்கும் இதில் பலன் உண்டு. 1993-ல் வெளியான ஓர் ஆய்வில், எஸ்ட்ரியால் கிரீம் வைத்தவர்களுக்கு வருஷத்துக்கு சராசரியாக 0.5 முறையும், வெறும் கிரீம் வைத்தவர்களுக்கு 5.9 முறையும் நீர்த்தொற்று வந்தது. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

‘ஹார்மோனா? கேன்சர் வருமே!’ என்று பயப்படுகிறார்கள். 2002-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், ஒருவகை ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடியது. அது வாய்வழி மாத்திரை, அதிக அளவு. உள்ளே வைக்கும் குறைந்த அளவு கிரீமிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகவும் கொஞ்சம். ஆனாலும் அந்தப் பயம் கிரீமுக்கும் ஒட்டிக் கொண்டது. ஹார்மோன் மருந்துகளின் பெட்டியில் இருந்த கடுமையான எச்சரிக்கையை நீக்கப் போவதாக 2025 நவம்பரில்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் அடையாறோ வேறு எங்கேயோ, சிகிச்சை தந்த டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. அவர்களுக்கு ஜெல்தான் முதல் வழி.

லேசர் வைத்துச் ‘சரி பண்ணித் தருகிறோம்’ என்று விளம்பரம் வருகிறது. 2021-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், நிஜ லேசருக்கும் வெறுமனே பாவனை செய்ததற்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் யோசியுங்கள்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம். மெனோபாஸுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் கறை பட்டாலும், ‘வறட்சிதானே’ என்று விடாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால், கர்ப்பப்பைப் புற்றுநோய் சிலருக்கு இப்படித்தான் முதலில் தலை காட்டும்.

தனியார் டாக்டர்தான் வேண்டும் என்பதில்லை. பூந்தமல்லியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. வானகரத்திலிருந்து அதே நெடுஞ்சாலையில் நகரத்துப் பக்கம் போனால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே மகளிர் பிரிவில் காட்டலாம். கூட்டத்தில் வாய் வராவிட்டால் ஒரு துண்டுச் சீட்டில் ‘உறவின்போது வலி, வறட்சி, எத்தனை மாதமாக’ என்று எழுதி நீட்டி விடுங்கள். நிறைய டாக்டர்கள் தாங்களாக இதைக் கேட்க மாட்டார்கள். நீங்கள் சொன்னால் கேட்டுக் கொள்வார்கள்.

கிரீம் வைத்த மறுநாளே மாற்றம் தெரியாது. சில வாரங்களில் எரிச்சல் குறைய ஆரம்பிக்கும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். சரியாகி விட்டதே என்று நிறுத்தினால் வறட்சி திரும்பி விடும். எத்தனை நாள் தொடர்வது என்பதை வருஷா வருஷம் டாக்டரிடம் காட்டி முடிவு செய்து கொள்ளுங்கள்.