இழுக்க இழுக்க இறங்கும் விமானம்

1980 ஜூன் 23, காலை நேரம். டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து பிட்ஸ் எஸ்-2ஏ என்ற குட்டி விமானம் கிளம்பியது. அதில் இருந்தவர்கள் இருவர்: பிரதமர் இந்திரா காந்தியின் இளைய மகன் சஞ்சய் காந்தி, வயது 33, அவருடன் பயிற்சியாளர் கேப்டன் சுபாஷ் சக்சேனா. நகரத்துக்கு மேலே மிகத் தாழ்வாகக் கரணம் அடித்துக்கொண்டிருந்தபோது விமானம் கட்டுப்பாடு இழந்து தரையில் மோதியது. இருவருமே இறந்துபோனார்கள்.

பிட்ஸ் ஒன்றும் ஓட்டை விமானம் இல்லை, குழந்தைகளே. வானத்தில் கரணம் அடிப்பதற்கென்றே கர்டிஸ் பிட்ஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ரகம் அது. ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டை இறக்கை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சுமார் 6 மீட்டர்தான். 1972-ல் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற அமெரிக்க அணி ஓட்டியதும் பிட்ஸ் ரகத்தைத்தான். அப்பேர்ப்பட்ட விமானத்துக்கும் ஒன்று கட்டாயம் வேண்டும்: உயரம்.

செங்குத்தாக ஒரு முழு வட்டம் அடிப்பதற்கு லூப் என்று பெயர். விமானி நல்ல வேகமெடுத்து, கைப்பிடியைத் தன் பக்கம் இழுப்பார். மூக்கு மேலே எழும்பும். உச்சியில் விமானம் தலைகீழாகிவிடும். ஏறும்போது வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. இறங்கும்போது உயரம் குறைந்து வேகம் கூடுகிறது. இதில் கடைசிக் கால் வட்டம்தான் கண்டம். மூக்கு நேரே தரையைப் பார்க்க, அங்கிருந்து விமானத்தை வளைத்து நிமிர்த்த வேண்டும்.

கணக்குப் போடுவோமா? வேகம் வினாடிக்கு 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு 4 மடங்கு கனக்கும் அளவுக்கு இழுத்து வளைத்தாலும், அந்த வளைவுக்குச் சுமார் 120 மீட்டர் வேண்டும். அது 40 மாடி உயரம்! 30 கிலோ எடையுள்ள நீங்கள் உள்ளே இருந்தால் 120 கிலோ போலக் கனப்பீர்கள். ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கப் பார்க்கும்; கண் மங்கும். அதே இழுப்பில் வேகம் இரண்டு மடங்கானால், தேவைப்படும் உயரம் நான்கு மடங்காகிவிடும்.

"இன்னும் பலமாக இழுத்தால் சீக்கிரம் நிமிர்ந்துவிடாதா?"

மேசை விசிறி முன்னால் ஒரு கெட்டி அட்டையைப் படுக்கை வாக்கில் பிடித்துப் பாருங்கள். விசிறியைப் பார்க்கும் விளிம்பைக் கொஞ்சமாகத் தூக்கினால் அட்டை மேலே எழும்பும். அதிகமாகத் தூக்கினால் எழும்பாது. படபடவென்று அடித்துக்கொண்டு பின்னால் போகப் பார்க்கும். இறக்கையும் அப்படித்தான். எதிர்க்காற்றுக்கு ஏறக்குறைய 15 டிகிரி சாய்வு வரைக்கும் அது விமானத்தைத் தாங்கும். அதைத் தாண்டினால் மேல்புறத்துக் காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் பிய்ந்துகொள்ளும். விமானிகள் இதை 'ஸ்டால்' என்பார்கள். மெதுவாகப் போகும் விமானத்துக்குத்தான் ஸ்டால் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வேகமாகப் போகும்போதும் கைப்பிடியை வெடுக்கென்று இழுத்தால் வந்துவிடும்.

இதற்கு மருந்து, இழுத்த கையைத் தளர்த்தி மூக்கைத் தாழ்த்துவது. காற்று மறுபடி இறக்கையை ஒட்டி ஓடும். ஆனால் கண்ணாடி முழுக்கத் தரை தெரியும்போது, இன்னும் இழுக்கத்தானே கை பரபரக்கும்?

அமெரிக்காவில் 1,500 அடிக்கு, அதாவது ஏறக்குறைய 450 மீட்டருக்குக் கீழே கரணம் அடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. நெரிசலான ஊருக்கு மேலேயும் கூடாது. சிறப்பு அனுமதி பெற்ற காட்சிகளும் போட்டிகளும் மட்டும் விதிவிலக்கு. மிக உயர்ந்த பிரிவுப் போட்டியாளர்கள் 100 மீட்டர் வரை இறங்கலாம். அங்கே தவறினால், வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் நேரே விழும் விமானம் தரையைத் தொட இரண்டு வினாடிகூட ஆகாது.

புதிதாக விமானம் ஓட்டக் கற்பவர்கள் இந்த ஸ்டாலை வேண்டுமென்றே உண்டாக்கிப் பழகுகிறார்கள். நல்ல உயரத்துக்குப் போய், மூக்கைத் தூக்கி, விமானம் தொய்ந்து விழ ஆரம்பித்ததும் கைப்பிடியை முன்னால் தள்ளி மீட்பார்கள். நிமிர்ந்த பிறகு உயரமானியைப் பார்த்து, எத்தனை அடி இறங்கினோம் என்று பயிற்சியாளருக்குச் சொல்ல வேண்டும்.