வெல்டிங் தொழிலாளர்களுக்கான பவர் பாதுகாப்புக் கண்ணாடி: தேர்வு செய்வது எப்படி?

வெல்டிங் தொழிலில் கை தேர்ச்சி பெறும் வயதும், கண்ணில் வெள்ளெழுத்து தொடங்கும் வயதும் ஏறத்தாழ ஒன்றே. 40 வயதைக் கடக்கும்போது அருகிலுள்ள பொருள்கள் மங்கலாகத் தெரியத் தொடங்குகின்றன. உருகிய உலோகத்தின் விளிம்பு தெளிவாகத் தெரியாத நிலையில், தொழிலாளி முகத்தை மேலும் அருகில் கொண்டு செல்கிறார் அல்லது முகக்கவசத்தை உயர்த்திப் பார்க்கிறார். லூதியானாவின் சைக்கிள் உதிரிபாகப் பட்டறைகள் முதல் குஜராத்தின் அலாங் கப்பல் உடைக்கும் தளம் வரை, உலோகத்தை இணைப்போரும் வெட்டுவோரும் எதிர்கொள்ளும் சிக்கல் இது.

வழக்கமான பவர் கண்ணாடி இதற்குத் தீர்வாகாது. அது பார்வையைத் திருத்துமே தவிர, கண்ணைக் காக்காது.

இருவகை ஆபத்து

வெல்டிங்கின்போது கண்ணுக்கு நேரும் ஆபத்து இரண்டு வகைப்படும். முதலாவது கதிர்வீச்சு. மின்வில்லிலிருந்து வெளிப்படும் புற ஊதாக் கதிர்கள் கருவிழியின் மேற்பரப்பைப் புண்ணாக்குகின்றன. இதன் அறிகுறிகள் உடனே தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலைக் கொட்டியது போன்ற உறுத்தலும் நீர்வடிதலும் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் கடும் ஒளி விழித்திரையைப் பாதிக்கக்கூடும். அகச்சிவப்புக் கதிர்களின் நீண்டகாலத் தாக்கம் கண்புரையுடன் தொடர்புடையது.

இரண்டாவது ஆபத்து, பறந்து வரும் துகள்கள். கசடைத் தட்டி நீக்கும்போதும், கிரைண்டிங் செய்யும்போதும் முகக்கவசம் பெரும்பாலும் மேலே உயர்த்தப்பட்டிருக்கும். கண்ணில் இரும்புத் துகள் பாயும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். பவர் பாதுகாப்புக் கண்ணாடியின் முதன்மைப் பணி இந்த இரண்டாவது ஆபத்தைத் தடுப்பதாகும்.

கறுப்புக் கண்ணாடி எதற்கு?

பவர் கண்ணாடியையே கறுப்பாக்கிக்கொண்டால் போதும் என்ற எண்ணம் தவறானது. மின்வில் வெல்டிங்குக்குத் தேவையான இருள் அளவு, 'ஷேட் எண்' எனக் குறிப்பிடப்படுகிறது. அமெரிக்க வழிகாட்டுதலின்படி, குச்சி வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்பியர் வரை ஷேட் 10-உம், 160 முதல் 250 ஆம்பியர் வரை ஷேட் 12-உம் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆக்சிஜன் வாயுவால் வெட்டுவதற்கு, தகட்டின் தடிமனைப் பொறுத்து ஷேட் 3 முதல் 6 வரை போதுமானது.

சந்தையில் கிடைக்கும் குளிர் கண்ணாடிகள் எதுவும் மின்வில் வெல்டிங்குக்கு ஈடாகாது. எனவே, இருள் வடிப்பான் முகக்கவசத்தில் இருக்க வேண்டும். அதன் உள்ளே அணியும் பவர் கண்ணாடி நிறமற்றதாக இருப்பதே நல்லது. கவசத்தை உயர்த்திய பின்னும் அது கண்ணைக் காக்கும்.

லென்ஸும் சட்டகமும்

சாதாரணக் கண்ணாடி லென்ஸ் அடிபட்டால் உடைந்து சிதறும். பாலிகார்பனேட், ட்ரைவெக்ஸ் ஆகிய இரண்டும் தாக்கத்தைத் தாங்கும் பொருள்கள். பாலிகார்பனேட் எளிதில் கீறல் விழக்கூடியது. அசிட்டோன் போன்ற கரைப்பான்களும் அதைக் கெடுக்கும். எனவே, கீறல் தடுப்புப் பூச்சு அவசியம். ட்ரைவெக்ஸ் விலை கூடுதல் எனினும், பார்வைத் தெளிவிலும் ரசாயனங்களைத் தாங்குவதிலும் மேம்பட்டது.

லென்ஸ் மட்டும் உறுதியாக இருந்தால் போதாது. வலுவற்ற சட்டகத்தில் பொருத்தப்பட்ட லென்ஸ், அடிபடும்போது கழன்று கண்ணிலேயே பாயலாம். எனவே, சட்டகமும் பாதுகாப்புத் தரத்தில் அமைய வேண்டும். இந்தியாவில் கண் பாதுகாப்புச் சாதனங்களுக்கு ஐஎஸ் 5983 தரமும், வெல்டிங்குக்கான கண், முகப் பாதுகாப்புச் சாதனங்களுக்கு ஐஎஸ் 1179 தரமும் வகுக்கப்பட்டுள்ளன. அமெரிக்கத் தரத்தில் தயாரான பவர் கண்ணாடிச் சட்டகங்களில் 'இசட்87-2' என்ற குறியீடு இருக்கும். பக்கவாட்டுக் காப்பு கட்டாயம். மின்சாரமும் வெப்பமும் உள்ள இடத்தில், உலோகச் சட்டகத்தைவிட பிளாஸ்டிக் சட்டகமே ஏற்றது.

பரிசோதனையில் கூற வேண்டியவை

கண் பரிசோதனைக்குச் செல்லும் தொழிலாளி, தாம் பார்க்கும் தொலைவைச் சொல்ல வேண்டும். நாளிதழ் படிக்கும் தொலைவும், வெல்டிங் செய்யும் தொலைவும் எப்போதும் ஒன்றல்ல. பணியின்போது கண்ணுக்கும் இணைப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து, அந்த எண்ணுடன் செல்வது பயனளிக்கும்.

வழக்கமான பைஃபோக்கல் கண்ணாடியில், அருகில் பார்ப்பதற்கான பகுதி கீழே இருக்கும். தலைக்கு மேலே வெல்டிங் செய்பவருக்கு அது பயன்படாது. அத்தகையோருக்கு, மேலும் கீழும் அருகுப் பார்வைப் பகுதி கொண்ட லென்ஸ் தயாரித்துத் தரப்படுகிறது. ஒரே இடத்தில் அமர்ந்து வேலை செய்பவருக்கு, அந்தத் தொலைவுக்கு மட்டுமான ஒற்றைப் பவர் கண்ணாடியே போதுமானதாக இருக்கலாம்.

முகக்கவசத்துக்குள் செருகும் உருப்பெருக்கி லென்ஸ்களும் மலிவாகக் கிடைக்கின்றன. வெள்ளெழுத்து மட்டும் உள்ளவருக்கு அவை உதவும். ஆனால், சிலிண்டர் பவரையோ, இரு கண்களுக்கும் இடையிலான பவர் வேறுபாட்டையோ அவை சரிசெய்யாது. கவசத்தை உயர்த்தினால், துகள்களிலிருந்து அவற்றால் பாதுகாப்பும் இல்லை.

செலவு யாருடையது?

ஒளியாலும் துகள்களாலும் கண்ணுக்கு ஆபத்துள்ள பணிகளில் திரைகளோ கண்கவசங்களோ வழங்க உத்தரவிடும் அதிகாரத்தை, 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆவது பிரிவு மாநில அரசுகளுக்கு அளித்தது. பணியிடப் பாதுகாப்புக்காக வழங்கப்படும் எதற்கும் ஊழியரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கூறுகிறது. எனினும், ஓரிருவர் மட்டுமே பணியாற்றும் சாலையோரப் பட்டறைகள் தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வருவதில்லை. அங்கு கண்ணாடியின் செலவு பெரும்பாலும் தொழிலாளியின் தலையிலேயே விழுகிறது.

அவ்வாறு சொந்தப் பணத்தில் வாங்க இயலாதவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. ஏற்கெனவே உள்ள பவர் கண்ணாடியின் மேல் அணியக்கூடிய, தரச் சான்று பெற்ற பாதுகாப்புக் கண்கவசம் குறைந்த செலவில் கிடைக்கும். அது கண்ணாடியை அழுத்தாமல், இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று அணிந்து பார்த்து வாங்க வேண்டும்.

கண்ணில் துகள் பட்டுவிட்டால், தேய்ப்பதோ ஊசியால் எடுக்க முயல்வதோ கூடாது. இரவில் எரிச்சல் தாங்காமல் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைத் தாமாகவே திரும்பத் திரும்ப விட்டுக்கொள்வது, கருவிழியை மேலும் சிதைக்கும். பார்வை மங்கினாலோ வலி நீடித்தாலோ கண் மருத்துவரை அணுகுவதே பாதுகாப்பான வழி.